தீக்கனாவும் பழம்பிறப்பும்

ஒரே தீக்கனா ஒருவர்க்குப் பல்கால் தோன்றித் துயில் கெடுத்து வருத்துமாயின், அது முற்பிறப்பில் அவர் செய்த தீவினையின் நினைவேயாம் என்று கூறுவார் உளர். அதனைக் கேட்டார் தம்மைப் பெரும்பழி சுமந்தாராகக் கருதி நாணியும் அஞ்சியும் நாள் கழிப்பர். ஆதலின், அக்கூற்றுச் சித்தாந்த முறைக்கு இயைவதோ என ஆராய்தல் வேண்டும்.

இவ்வழக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். அவளோ, கணவன்பொருட்டு நோற்கவேண்டிய நோன்பொன்றை முற்பிறப்பில் தவறினாய் எனக் காரணங்காட்டி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டந் தொழுமாறு கூறுகின்றாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்தொழிகின்றாள். பின்னர் மதுராபதித் தெய்வம் கூறிய காரணம் வேறு. கோவலன் முற்பிறப்பிற் பரதனாயிருந்து, சிங்கபுரத்து வணிகனாகிய சங்கமனை ஒற்றனெனக் காட்டிக் கொல்வித்தான் என்பதே அது. கனா வருவதுணர்த்தியது மெய்; ஆயினும், அதுகொண்டு தோழி துணிந்த பழம்பிறப்புச் செய்தியும் தெய்வங் கூறியதும் ஒன்றல்ல. அன்புடையார் வாய்ச்சொல்லாயினும், கனாவினின்று பழம்பிறப்பைத் துணிதல் அரிதென்பது இதனாற் பெறப்படும்.

இனிச் சித்தாந்தம் கூறுமாறு: சாக்கிரத்தில் 35 கருவிகளோடு நின்ற உயிர், ஞானேந்திரியமும் கன்மேந்திரியமுமாகிய 10 ஒழிய, எஞ்சிய 25 கருவிகளோடு கண்டத்தில் நின்று கனாக் காணும். அந்தக்கரணம் நான்கும் ஆண்டு உளவாதலின், கண்டனவும் கேட்டனவும் அஞ்சினவும் தம்முட் கலந்து புதியனபோல் தோன்றும். மேலும், சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்தில் உயிர் வேறோர் உடல் புகுதற்கு உவமை கூறும் மெய்கண்டார், நனவிற் கண்டது கனவில் மறக்கப்படுதலை எடுத்துக்காட்டினார். பிறப்பு மாறுங்கால் நிகழும் மறதிக்குக் கனவே உவமையாயிருக்க, அக்கனவையே அம்மறதி நீக்குங் கருவியாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், இப்பிறப்பில் உறாத அச்சம் கனவில் வருதற்குக் காரணம் யாதெனின், பழவினையின் வாசனை உண்டென்பது நமக்கும் உடன்பாடே. ஆயின், வாசனை உண்டென்பது வேறு; இன்னான் இன்னது செய்தான் என்பது வேறு. எம்மூராகிய குடுமியான்மலையில், குகைக்கோயிலை அடுத்த பாறையில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டினதாகிய இசைக்கல்வெட்டு உளது. உருத்திராசாரியர் மாணாக்கனும் பரமமாகேசுவரனுமாகிய அரசன் ஒருவன் செய்தது என்பது அதிற் காணப்படும். அவன் பெயர் காணப்படாது. மகேந்திரவருமப் பல்லவன் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். கல்லிற் பொறித்த சுரங்களைக்கொண்டே செய்தவன் பெயரைத் துணிய இயலாதாயின், துயிலில் தோன்றி மறைவதனைக்கொண்டு துணிதல் யாங்ஙனம்?

ஆகவே, கனவில் உற்ற துன்பமும் துன்பமே. அது பிராரத்த நுகர்ச்சியுள் அடங்கும். ஆயினும் அது பழியை நாட்டுஞ் சான்றாகாது. போரும் விபத்தும் வன்செயலும் கண்டார்க்கு அவை கனவில் மீளமீள வருதலை இக்காலத்து மருத்துவர் நன்கறிவர். அக்கனவின் போக்கை விழிப்பில் வேறாக மாற்றி நினைந்து பழகுதல் முதலிய முறைகளாற் பலர் நலம்பெறுகின்றனர். மருத்துவரை நாடுதல் வினைக்கொள்கைக்கு மாறன்று. அது பசித்தார் உண்டல் போல்வதே.

துயருற்றாரை நோக்கி, இது நீ முன் செய்த பாவம் என்பார், தாம் அறியாததை அறிந்தார்போற் கூறி ஆகாமியம் ஈட்டுகின்றார். வினையின் கணக்கு இறைவனுக்கே உரியது. அஞ்சினாரை அஞ்சலென்று தேற்றி, நீறணிந்து ஐந்தெழுத்தோதித் துயிலச் செய்தலே நமக்கு உரியது.

திருச்சிற்றம்பலம்.