கத்தரிக்கலாமா, காத்து வைக்கலாமா?

மரித்துப்போன நம் அன்பானவர்களின் உடுப்பைக் கத்தரிப்பது அன்புக்குத் துரோகமா? அநேகர் அப்படி எண்ணித்தான் அதைப் பெட்டியிலே பூட்டி வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு கிராமம். கறுப்பின மக்கள் பருத்தி பயிரிட்டு வறுமையிலே வாழ்ந்த இடம். அங்கே மிசோரி பெட்வே என்ற சகோதரி தன் கணவரை இழந்தார். அவர் வேலைக்கு உடுத்தின துணிகளை எடுத்து, மகள் அர்லோன்சியாவின் உதவியோடு கிழித்து, துண்டுகளை இணைத்து 1942-ல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பையே போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் அப்படிச் செய்தார். உழைப்பிலே வெளிறின நிறம் அதில் அப்படியே தெரிகிறது.

சற்று யோசித்துப் பாருங்கள். சட்டை முழுசா இருந்தாலும் அவர் அதை மறுபடி உடுத்தப்போவதில்லையே! பெட்டிக்குள் கிடப்பதைப் பூச்சிதான் அரிக்கும். யோப்பாவிலே தொற்காள் மரித்தபோது, அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களைக் காண்பித்துத்தானே விதவைகள் அழுதார்கள்? பிறருக்குக் கொடுத்த துணி அவளுக்குச் சாட்சியாயிற்று.

ஆனாலும், கத்தரிக்க இன்னும் மனம் வராதவர்களைக் குற்றப்படுத்தாதிருங்கள். துக்கத்துக்கும் அதற்குரிய காலம் உண்டு. கத்தரிக்கோலை எடுக்கும் நாளிலே இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் துணி இனி யாருடைய குளிரைப் போக்கும்?