பிள்ளைகளுக்கு உரிய பொழுது

பெருநாள் கழிந்த மறுநாள். உறவினர் இல்ல விருந்துக்காகக் கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் குடும்பத்தோடு பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். சன்னலோரம் அமர்ந்திருந்த என் இளைய மகள், நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் பட்டதும் என் தோளைத் தொட்டாள்.

"அத்தா, அந்த மலையில என்ன இருக்கு? நீங்க போயிருக்கீங்களா?"

"சும்மா மலைதாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் அடங்கிவிட்டாள். என் மனம் அடங்கவில்லை. அந்த மலையின் அடியில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் உண்டு. என் பிள்ளைகளுக்கு உணவு தந்தேன், உடை தந்தேன், பள்ளிக்கும் மதரஸாவுக்கும் அனுப்பினேன், ஆனால் ஒரு முழுப் பகலை அவர்களுக்கென்று எடுத்துவைத்துத் தந்ததில்லை.

பிள்ளைகளின் விளையாட்டுக்கும், பொழுதுபோக்குக்கும், குடும்பத்தோடு ஓரிடம் சென்று பார்த்து வருவதற்கும் நாம் ஒதுக்கும் நேரம் எத்தகையது? வசதியுள்ளவர் தரும் சலுகையா? காலத்தை வீணாக்கும் கேளிக்கையா? அல்லது பெற்றோர்மீது பிள்ளைகளுக்குள்ள ஹக்கா? இக்கேள்வியை நம் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மறுப்புரையைச் செவிமடுப்போம். நம் பெரியவர்களுள் பலர் இதை வீண் என்றே கருதினர். அவர்களைக் கடிந்துரைக்க எனக்கு மனமில்லை. காலத்தின்மீது சத்தியமிட்டு, மனிதன் இழப்பில் இருக்கிறான் என்று எச்சரிக்கும் ஒரு சிறிய அத்தியாயத்தை நாள்தோறும் தொழுகையில் ஓதுகிறவர்கள் நாம். காலம் என்பது அமானத். அதற்குக் கணக்குக் கேட்கப்படும். அப்படியிருக்க, மலையைப் பார்க்கவும் பட்டம் விடவும் பொழுது ஏது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற வறண்ட பூமியில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

ஆயினும், அமானத்தைக் காப்பது வேறு. அதைப் பூட்டிவைப்பது வேறு. ஹன்ழலா (ரலி) அவர்களின் செய்தி இங்கே நினைக்கத்தக்கது. நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் இருக்கும்போது உருகும் தம் நெஞ்சம், வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடு கலந்துவிட்டால் மாறிவிடுகிறதே. தாம் நயவஞ்சகர் ஆகிவிட்டோமோ என்று அந்தத் தோழர் நடுங்கிப்போனார். அண்ணலார் (ஸல்) அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள். இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கு உள்ள உரிமை போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், அதை நாயகம் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றதையும் நாம் அறிவோம். குடும்பத்தின் உரிமை என்பது சோற்றோடும் துணியோடும் முடிந்துவிடுவதாக அங்கே சொல்லப்படவில்லை.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்தவாறு நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம்? ஆயிஷா (ரலி) அவர்களுக்கே போதும் என்று தோன்றும்வரை! பிற்காலத்தில் அந்த அன்னையார் இதைக் கூறும்போது, விளையாட்டில் ஆசையுள்ள ஓர் இளம்பெண் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்போரிடம் சொன்னார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கி நின்ற தோள்கள் அவை. அவர்களைவிட வேலை மிகுந்தவர் நம்முள் யார்? ஆனால் அங்கே நேரத்தின் அளவுகோல், நின்றவரின் கையில் இல்லை. பார்த்தவரின் கையில் இருந்தது. நாமோ பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றாலும் கால் மணிக்கொரு முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். உடன் செல்கிறோம், ஆனால் உடன் இருப்பதில்லை.

அபூ உமைர் என்ற சிறுவனின் கதையும் அத்தகையதே. அவன் வளர்த்த சிறு குருவி இறந்துவிட்டது. துயருற்றிருந்த அவனிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். அவன் பெயரோடு குருவியின் பெயர் இயைந்து ஒலிக்குமாறு, சிறுவனின் செவிக்கு இனிக்கக் கேட்டார்கள். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் என்னும் பேரறிஞர் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து 60 படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே இயற்றினார். ஒரு குழந்தையின் பொழுதுபோக்கை மாநபியவர்கள் அற்பம் என்று எண்ணவில்லை. மார்க்க அறிஞரும் எண்ணவில்லை. நாம் மட்டும் எப்படி எண்ணலாம்?

அடுத்த மறுப்பு, சற்று நுட்பமானது. நம் வட்டாரத்தில் பார்க்கத்தக்க இடங்களென்று சொல்லப்படுபவை பெரும்பாலும் பிற சமயத்தாரின் சின்னங்கள். சித்தன்னவாசல் சமணருடையது. நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சுரமும் குடுமியான்மலையும் சிவன் கோயில்கள். அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்பார் உண்டு.

பூமியில் சுற்றிப் பார்க்குமாறு திருமறை ஒரு முறையன்று, பலமுறை ஏவுகிறது. அங்கே சொல்லப்படுவது முன்னோரின் அழிவைக் கண்டு படிப்பினை பெறுவதுதானே என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். ஆனால், படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பூமியில் சென்று பார்க்கச் சொல்லும் இடமும் உண்டு. மக்கள் இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று கூறும் இடமும் உண்டு. அண்டை வீட்டாரின் வரலாற்றை அறியாமல் அண்டை வீட்டாரை அறிவதெங்ஙனம்? 1030 ஆம் ஆண்டளவில் இந்திய நாட்டைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பீரூனி, அதற்காக வடமொழியையே கற்றார். அவருடைய ஈமான் அதனால் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. வணங்கச் செல்வது வேறு. அறியச் செல்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெளிவாகச் சொல்லி அழைத்துச் செல்வது நம் கடமை. வழிபாடு நடக்கும் இடத்துள் செல்ல எவருக்கேனும் மனம் ஒப்பவில்லையென்றால் அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. அவர்களுக்குத் திருமயம் கோட்டை இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910 இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் நாடிவரும் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு, பணம். இதற்கு விடை எளிது. நகரத்துப் பேரங்காடியில் ஒரு மாலைப் பொழுதுக்குச் செலவிடும் தொகையில், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிப் பல நாள் சுற்றி வரலாம். வீண்விரயம் ஹராம் என்று அறிந்த நாம், எதில் விரயம் இருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறோம். ஒருவர் தம் இளமையில் பழைய நூல்களைச் சேர்க்கத் தொடங்குகிறார். அதைக் கண்டவர்கள் பழைய தாளுக்குப் பணத்தைக் கொட்டுகிறாரே என்று நகைத்திருக்கக்கூடும். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் அவ்வாறு சேர்த்து வளர்த்ததுதான் ஞானாலயா நூலகம். அரிய முதற்பதிப்புகளைத் தேடித் தமிழ் ஆய்வாளர்கள் இன்று அதன் வாசலுக்கு வருகிறார்கள். ஒருவரின் பொழுதுபோக்கு ஊரின் சொத்தாயிற்று.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பிள்ளையின் பொழுதுபோக்கு பிற்காலத்தில் பயன்தரும் என்பதற்காக மட்டும் அதை அனுமதிப்பது இன்னொரு வகை வணிகம். இன்று ஓவியம் கற்பதும் சான்றிதழுக்காக. நீந்தக் கற்பதும் பதக்கத்துக்காக. விடுமுறை நாளும் இன்னொரு வகுப்பாகிவிட்டது. இதற்கு எதிர்க்கோடியில் வேறொரு கொடுமை: அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். அது பிள்ளைக்கு நாம் தந்த ஓய்வன்று. பிள்ளையிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஓய்வு. பொருளைக் கொடுப்பது எளிது; பொழுதைக் கொடுப்பதே அரிது. அபூ உமைருக்குக் கிடைத்தது வேறொரு குருவியன்று. தன் துயரைக் கேட்க ஒரு செவி.

எல்லாவற்றினும் முதன்மையான ஒன்றை இறுதியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஓய்வு என்பது யாருக்குக் கிடைக்கிறது? பெருநாள் தொழுகை முடிந்ததும் பையன்கள் நண்பர்களோடு புறப்பட்டுவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் அடுப்படியில். குடும்பத்தோடு வெளியே செல்வதென்றால் தாய் விடியலுக்கு முன்பே எழுந்து பிரியாணி சமைக்கிறாள். மாலையில் எல்லோரும் களைத்துப் படுக்கையில் சாய்கையில் அவள் பாத்திரம் துலக்குகிறாள். ஒருவரின் களைப்பின்மீது கட்டப்படும் இன்னொருவரின் ஓய்வு நீதியாகுமா? நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் பங்கு கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே சான்று பகர்கிறார்கள்.

நம் மாவட்டம் இதில் உலகுக்கே ஒரு பாடம் சொன்னது. 1991 இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைச் சீமையில் எழுத்தறிவு பரப்பியபோது, அதன் ஓர் அங்கமாகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 1992 இல் உலக மகளிர் நாளன்று 1500 க்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை வீதிகளில் அணிவகுத்தார்கள். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பங்களின் இளம்பெண்களும் அவர்களிடையே இருந்தார்கள். கேலி பேசியவர் பேசினர். ஆனால் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சந்தைச் சுமையும் அந்தச் சக்கரங்களின்மேல் ஏறின. பயன் பெரிதுதான். ஆயினும் முதன்முதலாக மிதித்துச் சாயாமல் பத்தடி சென்ற பெண்ணின் முகத்தில் மலர்ந்தது பயனைப் பற்றிய கணக்கன்று, மகிழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்று படித்துப் புளகாங்கிதம் அடையும் நாம், நம் மகள் ஓடுவதைக் கண்டு முகம் சுளிக்கலாமா?

எல்லைகள் இல்லையா என்றால், உண்டு. தொழுகையை மறக்கச் செய்யும் விளையாட்டு விளையாட்டன்று. உயிருள்ள பிராணியைக் குறிவைத்து விளையாடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கவண்கல் எடுக்கும் சிறுவனுக்கு அதைச் சொல்ல வேண்டும். பழஞ்சின்னங்களில் தன் பெயரைக் கீறுவதும் பிறர் சொத்தைச் சிதைப்பதேயாகும். அதையும் சொல்ல வேண்டும். எல்லை கற்பிக்கவும் உடன் செல்லத்தானே வேண்டும்?

பேருந்துக் கேள்விக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையை அடுத்த நாளில் நாங்கள் சித்தன்னவாசல் சென்றோம். அன்று காலை உணவை நானும் என் மகனும் கட்டினோம். சோறு சற்றே குழைந்துவிட்டது. பாறையில் வெட்டிய படிக்குழிகளால் பெயர் பெற்ற ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் 17 இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழ் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. "அத்தா, கல்லிலேயே தலையணை வெட்டியிருக்காங்க!" என்றாள் மகள். அறிவர் கோயிலின் விதானத்தில், காலமும் மனிதக் கையும் சிதைத்தவை போக எஞ்சிய தாமரைப் பொய்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்கிறது என்று அவளாகவே சொன்ன பிறகுதான் வெளியே வந்தோம். மர நிழலில் லுஹர் தொழுதோம். என் மனைவி பாறையில் சாய்ந்து, வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் அப்படி ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சி என்னை மகிழ்வித்தது. அதைவிட மிகுதியாக வெட்கப்படுத்தியது.

நார்த்தாமலை இன்னும் பாக்கி இருக்கிறது. நகரத்தார் மலை என்பதே அப்படி மருவிற்று என்பர். வணிகர் கூட்டம் வாழ்ந்த அந்த மலையை, வணிகமும் பயணமும் தெரிந்த நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

அன்பர்களே! நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. அதைக் கேட்கும் காலமும் மிகக் குறுகியது. இன்னும் சில ஆண்டுகளில் அவர்களுக்கென்று வேலையும் கவலையும் வந்துவிடும். அப்போது நாம் அழைத்தாலும் வர அவர்களுக்கு நேரம் இராது. ஹக்கு என்பது காலம் கடந்து கொடுக்கக்கூடிய கடனன்று. வரும் பெருநாளுக்கு மறுநாளையேனும் அவர்கள் கையில் கொடுப்போம். போதும் என்று அவர்கள் சொல்லும்வரை உடன் நிற்போம். நம் பொறுப்பில் விடப்பட்ட காலத்தையும் குழந்தைகளையும் ஒருசேரக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.