தொலைபேசிக் குரலும் உரையளவையும்

பிறர் சொல்லக் கேட்டு அறிவதை இந்தியத் தத்துவ மரபுகள் தனியொரு அறிவு வழியாக வைத்து ஆராய்ந்திருக்கின்றன. வடமொழி நூல்களில் இது சப்தப் பிரமாணம். சைவ சித்தாந்தத்தில் உரையளவை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பல சமயத்தாரும் கூறும் அளவைகளை, அதாவது அறிவு வழிகளை, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்போம் என்றவர்கள் சார்வாகர்கள். ஆனால் தன் பிறந்த நாளைக்கூட மனிதர் பிறர் சொல்லித்தான் அறிகிறார். நம்பிக்கை இல்லாமல் ஒரு நாள் வாழ்க்கையும் நடக்காது. தொலைபேசி மோசடி கைவைப்பது இந்த இடத்தில்தான். ஆகவே ஏமாந்தவரை அறிவிலி என்று ஒதுக்குவது பிழையான தீர்ப்பு.

இந்தியாவில் ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடக்கும் மோசடி இதற்குத் தெளிவான சான்று. முதலில் ஓர் அழைப்பு வரும்: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, அல்லது உங்கள் ஆதார் எண்ணில் தொடங்கிய கணக்கில் கறுப்புப் பணம் புரண்டிருக்கிறது என்பார்கள். பிறகு வீடியோ அழைப்பில் காவல்துறைச் சீருடை, பின்னால் அரசுச் சின்னம், முத்திரையிட்ட ஆணை. கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது. பணத்தைச் ‘சரிபார்ப்புக்காக’ அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மூத்த குடிமக்கள் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி ஒரு முதிய தம்பதியிடம் பணம் பறித்ததாகப் புகார் வந்த பின், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

யாருடைய சொல் அளவையாகும்? நியாய சூத்திரம் ஆப்தருடைய சொல் என்கிறது. உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு இலக்கணம் வகுக்கிறார்: பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொன்னது மிக முக்கியமானது. குலமோ பதவியோ ஒருவரை ஆப்தர் ஆக்குவதில்லை. அறிவும் உண்மை சொல்லும் எண்ணமுமே ஆக்குகின்றன. அப்படியானால் சீருடையும் முத்திரையும் சான்றாகா. மோசடிக்காரர் காட்டுவதெல்லாம் பதவியின் அடையாளங்கள் மட்டுமே.

கேட்ட ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் நம்ப வேண்டுமா என்பதில் இரு மரபுகள் மோதின. ஓர் அறிவு மெய் என்பது வேறொரு சான்றால்தான் உறுதிப்படும் என்றது நியாய மரபு. மீமாம்சை மரபினரான குமாரிலபட்டர் இதை மறுத்தார். தோன்றிய அறிவு இயல்பாகவே மெய்யென நிற்கும். அதற்கு மாறான அறிவு எழுந்தாலோ, அது பிறந்த மூலத்தில் குற்றம் தெரிந்தாலோ மட்டுமே அது வீழும் என்றார். அன்றாட வாழ்வுக்குக் குமாரிலரின் கொள்கையே பொருந்துகிறது. எல்லோரையும் சந்தேகிப்பவர் சந்தையில் காய்கறிகூட வாங்க முடியாது. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரமும் ஆராயாமல் நம்புவதோடு, தெளிந்தவரை ஐயுறுவதையும் சேர்த்தே கண்டிக்கிறது.

குமாரிலர் சொன்ன அந்த இரண்டு வழிகளையும் அடைப்பதே மோசடியின் உயிர்நாடி. யாரிடமும் பேசாதே என்றால் மாறான அறிவு வந்து சேராது. அழைப்பைத் துண்டிக்காதே என்றால் மூலத்தைச் சோதிக்க நேரம் கிடைக்காது. கைதாகிவிடுவோம் என்ற அச்சம் எஞ்சிய யோசனையையும் விழுங்கிவிடுகிறது. நன்கு படித்தவர்களும், ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சிக்குவதன் காரணம் இதுவே. அவர்களிடம் குறைந்தது அறிவு அல்ல. அறிவைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பறிக்கப்பட்டது. அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது என்பதால் பழி முழுவதும் ஏமாற்றியவருடையதே. இதை வீட்டார் உணர்ந்தால்தான் பாதிக்கப்பட்டவர் வெட்கமின்றி உடனே வாய் திறப்பார்.

தற்காப்பும் இந்த இரு வழிகளைத் திறந்து வைப்பதில்தான் இருக்கிறது. மாறான அறிவை முன்கூட்டியே பெற்றிருக்கலாம்: இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை, எந்தக் காவல் நிலையமும் வீடியோ அழைப்பில் பணம் கேட்காது, யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) தேவையில்லை, ஓடிபியை வங்கி ஊழியர் கேட்க மாட்டார். மூலத்தைச் சோதிப்பது அதைவிட எளிது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அழைத்தவர் கொடுத்த எண்ணை விட்டு, வங்கி அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்ட எண்ணில் கேட்கலாம். அவசரம் என்று மிரட்டினால் வீட்டில் ஒருவரையாவது அருகில் அழைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. நாடு முழுவதும் இதற்கான உதவி எண் 1930.