மதுவிலக்கும் மனவிலக்கும்



ஏழைகளின் கூலிப் பணம் வீடு வந்து சேரவேண்டும் என்றே 1937 ஒக்டோபர் 1 ஆம் திகதி இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருமானத்துக்காக 1939 இல் விற்பனை வரி விதித்தது. 1948 இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய விலக்கை, 1971 இல் தமிழ்நாட்டு அரசு தளர்த்தியது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த தடையோ கள்ளச்சாராயத்தைப் பெருக்கிவிட்டே நீங்கியது.

நம் நாட்டில் போயா தினத்தில் மதுக்கடைகளுக்குப் பூட்டு. முதல்நாளே வாங்கி வைப்பாரும் உண்டு.

எழுதுவினைஞராக இருந்த காலத்தில், சம்பள நாளன்று கந்தோர் வாசலில் பிள்ளையோடு காத்துநின்ற தாய்மாரைக் கண்டவன் அடியேன். அந்தக் கண்ணீரைச் சட்டம் மட்டும் துடைக்காது.

திருவிழாக் காலத்தில் குடியாது விரதம் காப்பவர்களே, கொடியிறக்கத்தோடு அவ்விரதத்தையும் இறக்கிவிடாதீர்கள். எம்பெருமான் துணைநிற்பார்.