கேட்டதற்கு மேல்

2019 செப்டம்பரில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் முன்னிடங்களில் குவிந்தபோதுதான் சந்தேகம் கிளம்பியது. சிறிது நேரத்தில் மறையும் மையால் விடை குறித்துவைத்து, விடைத்தாள்கள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடைகளை நிரப்பியிருந்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. 2024-இல் நீட் வினாத்தாள் கசிந்தபோதும் ஊரெல்லாம் கேட்டது, விற்றவன் யார் என்று. வாங்க ஆள் எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு. தேர்வு கேட்கும் அளவே படிப்பின் அளவு என்று பழகியவனுக்கு, அந்த அளவை உழைத்து அடைவதும் காசுக்கு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கேட்டதற்கு மேல் ஆயத்தமாவதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டிவிட்டுப் போக முடியாது, அது கடமை.

யாருக்குச் செய்யும் கடமை? இத்தேர்வில் வென்று கிராம நிர்வாக அலுவலர் ஆனவர் முன், நாளை பட்டா மாறுதலுக்காக வந்து நிற்பவருக்கு. தேர்வில் 200 கேள்விகள். அவர் கொண்டுவரும் சிக்கல் அவற்றுள் ஒன்றாக இருக்காது. யாரும் கேட்காத முன்வேலையின் அருமையைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் அறிவார். கடையில் சேலையைப் பிரிப்பவர் கரையையும் முந்தியையும் பார்ப்பாரே தவிர, பாவுக்குக் கஞ்சி சரியாக ஏறியதா, அறுந்த இழைகள் தேடிப் பிணைக்கப்பட்டனவா என்று விசாரிப்பதில்லை. கோர்வையில் உடலும் கரையும் பிடித்து நிற்பதோ அந்த முன்வேலையின் பலத்தில். குறளுக்கு உரை கண்ட பதின்மரில் கடைசியானவர் என்று சொல்லப்படும் பரிமேலழகரை மரபு காஞ்சிக்காரர் என்கிறது. தம் உரையை மட்டும் எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; அவர் பிறர் கொண்ட பொருளையும் பாடத்தையும் எடுத்துக்காட்டி மறுத்துச் செல்கிறார். இதே ஊரின் கடிகை என்னும் கல்விச்சாலைக்கு, மறை முழுவதையும் கற்க, பின்னாளில் கடம்ப அரசனான மயூரசர்மன் தன் குருவுடன் வந்ததைத் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசப் புகுவதைக் கண்டித்தே வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். எண்ணித் துணியாத செயலைத் தெரிந்துசெயல்வகையில் கடிகிறார்.

நாலடியாரை எதிர்ச்சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு: கல்வி கரையற்றது, வாழ்நாள் சிறிது, ஆகவே தேர்ந்து படி என்கிறதே அது! சரிதான். ஆனால் தேர்வதற்கு முதலில் பலவும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பாடத்திட்டம் தேர்ந்து கொடுத்ததை மட்டும் படித்தவன் எதையும் தேர்ந்தவன் ஆகான். இன்னொரு வாதம் சற்றுக் கனமானது. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற பதவிக்குப் பொறியியல் பட்டதாரியும் வரிசையில் நிற்கையில், கூடுதல் ஆயத்தம் என்பது வசதியுள்ளவன் ஏழையைத் தள்ளிவிடும் வழியாகாதா? தறி வீட்டிலும் தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு கூலிக் கணக்கில் தனியாக ஏறுவதில்லையே? இந்த அநீதிகள் உண்மை. அவற்றைத் தீர்க்கக் கூலியை உயர்த்தலாம், ஊர்தோறும் நூலகத்தை இரவு வரை திறந்துவைக்கலாம். ஆயத்தத்தைக் குறைத்துக்கொண்டால், வசதியற்றவன் பங்குக்கு வந்து சேர்வது அரைகுறையாகப் படித்த அதிகாரிதான். பட்டாவுக்காக அலைபவனும் பெரும்பாலும் அவனே.