இடமில்லையாம்!

ஐந்தெழுத்தை ஓதினால் அல்லல் அகலும் என்று நம்புவோர் நாட்டில் உண்டு. அவர்களை நாம் அறிவோம். அவர்களோடு நெடுநாளாக வாதாடியும் வருகிறோம். ஆனால் கோயிலில் அல்ல, கோட்டையிலும் அலுவலகங்களிலும் ஓதப்படுகிற மற்றோர் ஐந்தெழுத்து இருக்கிறது. அதை ஓதினால் அகலுவது அல்லல் அல்ல, ஏழையின் குடிசை! 'இடமில்லை' என்பதே அந்த மந்திரம்.

அடையாற்றங்கரையில் வாழ்ந்தவர்களிடம் அது ஓதப்பட்டது. கூவக்கரையில் வாழ்ந்தவர்களிடம் ஓதப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அடித்து ஓய்ந்தபின், கடலோரக் குடும்பங்கள் பலவற்றிடமும் ஓதப்பட்டது. நகருக்குள் இடமில்லை, ஆகவே கண்ணகி நகருக்குப் போ, செம்மஞ்சேரிக்குப் போ, பெரும்பாக்கத்துக்குப் போ! போனார்கள். வீட்டு வேலைக்கு மயிலைக்கும் அடையாற்றுக்கும் வந்து செல்லும் தாய்மார்கள், கூலியில் ஒரு பங்கைப் பேருந்துக்குக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலே படிப்பை விட்டார்கள். எந்தக் கட்சி ஆண்டபோது இது நடந்தது என்று கேட்க வேண்டா. எல்லார் ஆட்சியிலும் நடந்தது. நம் நெஞ்சுக்கு நெருக்கமானோர் ஆண்டபோதும் நடந்தது.

இடமில்லை என்பது உண்மையா? பகுத்தறிவுக்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே! கேட்டுப் பார்ப்போம்.

கிண்டியிலே 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம், 1945ஆம் ஆண்டு முதல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சென்னைக் குதிரைப் பந்தய மன்றத்திடம் இருந்தது. ஆண்டுக் குத்தகை என்ன தெரியுமா? 614 ரூபாய்ச் சொச்சம்! ஏக்கருக்கு நான்கு ரூபாய் கூட இல்லை. அந்தப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பாரின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. வெளிச்சுற்றில் குதிரை ஓடும். உள்வட்டத்தில் சீமான்கள் சிறு பந்தைக் கோலால் தட்டி, குழியைத் தேடி நடப்பார்கள். விளையாட்டை நாம் வெறுப்பவர்கள் அல்லர். ஆனால் பத்துப் பேர் பந்தாட ஒரு பேட்டையே அடங்கும் பரப்பு வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் மணல்மேடுகளுக்குப் பொருந்தும். மக்கள் மூச்சுத் திணறும் மாநகரத்தின் நடுவே அது எப்படிப் பொருந்திற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் ஆட்சி சட்டம் செய்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூது அல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறிவிட்டது. குதிரை மீண்டும் ஓடிற்று. குத்தகை நிலுவை 730 கோடி ரூபாயைச் செலுத்துமாறு 2023இல் உயர் நீதிமன்றம் பணித்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கி, வாயிலில் பூட்டுப் போட்டது. அதன் பின்னும் வழக்குகள் தொடர்ந்தன. ஆயினும் ஓர் உண்மை மட்டும் ஊரறிய வெளிப்பட்டது: இடம் இருந்தது! எழுபத்தொன்பது ஆண்டுகளாக இருந்தது. இல்லை என்று சொன்ன ஒவ்வொரு நாளும் இருந்தது.

இனி நொச்சிக்குப்பத்துக்கு வருவோம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோமுக்குக் கிழக்கே, கடலுக்கும் நகருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மீனவர் ஊர் அது. அங்கேயும் ஒரு திடல் உண்டு. புல் இல்லை, மணல்தான். அதில் வலை காய்கிறது. கிழிந்த வலையைக் கிழவர் தைக்கிறார். படகு ஏறுகிறது, இறங்குகிறது. மீன் கூடைக்கு வருகிறது. அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் தொழில் இல்லை. உழவனுக்குக் களம் எப்படியோ, மீனவனுக்கு மணல் அப்படி.

ஒரே நகரத்தின் இரண்டு வெற்றிடங்கள். இரண்டிலும் கட்டடம் இல்லை. கிண்டித் திடலுக்குப் பெயர் 'பொழுதுபோக்கு'. நொச்சிக்குப்பத்து மணலுக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'! 1985ஆம் ஆண்டு மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மோதல் மூண்டது, காவல்துறை சுட்டது, மீனவர்கள் மாண்டார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலை ஓரத்து மீன்கடைகள் நீதிமன்ற ஆணையால் அகற்றப்பட்டன. சாலையில் கார்கள் தடையின்றிச் செல்ல வேண்டுமாம். 2024இல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டதை நாம் மறைக்கவில்லை, நல்லதுதான். ஆனால் கடை கொடுத்தவர்கள் மணலுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள்?

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. ஒரு நிலத்தின்மீது ஒருவனுக்கு உரிமை எதனால் வருகிறது? பத்திரத்தாலா, பயன்பாட்டாலா, தேவையாலா? பத்திரத்தால் என்று நாட்டாண்மை கூறும். அப்படியானால் கேட்கிறோம்: பத்திரத்தை எழுதியது யார்? வெள்ளையன் ஆட்சி எழுதியது. அவன் உடன் உண்டு உடன் ஆடியவர்களுக்கு எழுதியது. வலை உலர்த்தியவனுக்கு எழுதவில்லை. எழுதப்படாததாலேயே தலைமுறை தலைமுறையாக உழைத்தவன் அயலான் ஆனான். பிறப்பால் உயர்வு என்று ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, 'ஏடு சொல்கிறதே' என்று அந்த ஏட்டையே சான்று காட்டிய சூழ்ச்சியை உடைத்துக் காட்டியது நம் இயக்கம். குத்தகை ஏடு மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா?

ஆகவே நிலம் திரும்பி வரும் நாளில், முதல் உரிமை யாருக்கு? அரசுக்கு என்பது சட்டத்தின் விடை. அறத்தின் விடை வேறு. 'இடமில்லை' என்று யாரிடம் சொல்லப்பட்டதோ அவர்களுக்கு. பொய் சொல்லி வாங்கிய கடனை, உண்மை வெளிப்பட்ட அன்று முதலில் தீர்ப்பதுதான் நேர்மை.

நடக்கக் கூடியதா என்பார்கள். கடல் கடந்து பாருங்கள். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரிலே, 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப் என்னும் கோல்ஃப் மன்றம் இருந்தது. குத்தகை முடிந்தது, 2022இல் ஆட்டம் நின்றது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் ஏறத்தாழ 9,000 வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். அவற்றுள் 6,000 வீடுகள் அரசு வீடமைப்புக் கழகத்துடையவை. பசுமைக்கும் பங்கு ஒதுக்கினார்கள். அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் கழக வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கும் 99 ஆண்டுக் குத்தகைதான்! அங்கே குடும்பத்துக்குக் கிடைக்கும் 99 ஆண்டு, இங்கே குதிரைக்குக் கிடைத்தது. சிங்கப்பூர் ஆட்சிமுறையை முழுதும் மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்ப்புக் குரலுக்கு அங்கே இடம் குறைவு என்பதை அறிவோம். வீட்டுக்கு இடம் கண்டார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நம் அரசு என் செய்தது? கிண்டி நிலத்தில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்கு மாற்றிப் பசுமைப் பூங்கா என்றது. வெள்ளநீர் தேங்க அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. கிளப்பின் வேலிக்குள் கிடந்த மண்ணில் எவரும் நுழையலாம் என்பது சிறு மாறுதல் அல்ல. வேளச்சேரியை நீர் சூழ்ந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் குளம் வேண்டா என்று கூற மாட்டார்கள். நாமும் கூறவில்லை. தாழ்ந்த பகுதி நீருக்கே ஆகட்டும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீருக்கு இடம் விட வேண்டும் என்ற இந்த நல்லறிவு, செம்மஞ்சேரியில் வீடு கட்டிய நாளில் எங்கே போயிருந்தது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அடுக்கடுக்காய் வீடு எழுப்பி, ஏழைகளை அங்கே குடியேற்றினோமே. மழைக்கு மழை அவர்கள் வாயிலில் நீர் நிற்கிறதே! சீமான்கள் ஆடிய நிலம் கைக்கு வந்ததும், அதை நீருக்கு விடலாம், மரத்துக்கு விடலாம், மலருக்கு விடலாம் என்றெல்லாம் அறிவு பிறக்கிறது. மனிதனுக்கு விடலாம் என்ற அறிவு மட்டும் பிறக்கத் தயங்குகிறது. சதுப்பில் மனிதனையும் மேட்டில் மலரையும் வைப்பது என்ன நீதி?

இன்னொரு தடையும் சொல்வார்கள்: குடியிருப்பு என்று தொடங்கினால் கோடிக்கு விற்கும் மாளிகைகளாய் முடியும் என்பார்கள். இந்த அச்சம் வீண் அச்சம் அல்ல. தனியார் கையில் போனால் கோலும் பந்தும் போய்க் காரும் காவலாளியும் வந்திருப்பார்கள். வேலி அப்படியே இருக்கும். அதனால்தான் விற்கக் கூடாது என்கிறோம். நிலம் அரசுடையதாகவே இருக்கட்டும். வீடு வாழ்பவனுடையதாக இருக்கட்டும்.

நொச்சிக்குப்பத்தாரைக் கிண்டிக்கு அனுப்பச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. கிண்டியில் கடல் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி என்பதுதான் எண்ணம். நொச்சிக்குப்பத்துக் கரையிலும் அப்படித்தான் மாடி வீடுகள் எழுந்தன. கடலைவிட்டு மீனவனைப் பிரிக்காமலே வீடு தரலாம் என்று மெய்ப்பித்தவர்கள் நாமே. பின்னாளில் அதை மறந்தவர்களும் நாமே. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறிற்று. பழைய எண்ணமும் திரும்ப வேண்டும்.

தோழர்களே, கணக்கு எளிது. 160இல் 118 போனால் 42 ஏக்கர். குளத்தையும் பூங்காவையும் தொடாமலே அந்த நாற்பத்திரண்டில் எத்தனை குடும்பம் வாழலாம் என்று பொறியாளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாக்கத்தில் விடியுமுன் எழுந்து, சைதைக்கும் கிண்டிக்கும் வேலைக்கு வரும் குடும்பங்களின் பட்டியல் வாரியத்திடமே இருக்கும். திரும்பி வர யார் விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேட்கட்டும். அதோடு நொச்சிக்குப்பத்து மணலில் எது வலை உலரும் இடம், எது படகு நிற்கும் இடம் என அளந்து, வருவாய்த்துறைப் பதிவேட்டில் அவ்வூர்ப் பெயரால் ஏற்றட்டும். பந்தயத் திடலுக்கு ஒரு பத்திரம் எழுத அன்று மை இருந்ததே!