கடனும் மானமும்

2020 செப்டம்பரில் ஒரு சாயங்காலம், கடலூர் முதுநகரில் எங்கள் காலனியில், பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நான் மட்டுமில்லை, குழுவில் எட்டுப் பேர். உள்ளே இருந்தவள் எனக்குச் சின்னம்மா முறை. சின்ன வயதில் என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டவள். குழு லோனில் மூன்று தவணை அவள் கட்டவில்லை. தவணைக்கு 850 ரூபாய். "அவங்க கட்டுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாதுக்கா" என்று வசூலுக்கு வந்த பையன் சொன்னான். நாங்கள் எழுந்திருக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சின்னம்மா வெளியே வந்தாள். பையனைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தாள். "எத்தினி நேரமா உக்காந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களாடி?" என்று கேட்டாள்.

அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரியா, தப்பா? இத்தனை வருஷமாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே உங்களிடமும் கேட்கிறேன்.

நான் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தேன். கணக்கு எனக்குத் தெரியும். அதனால் என் பக்க நியாயத்தை முதலில் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். சின்னம்மாவுக்கு நான் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கொரோனா ஊரடங்கில் ரிசர்வ் வங்கி கொடுத்த தவணை அவகாசம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்திருந்தது. எனக்கும் வேலை இல்லை. அவள் தவணையையும் சேர்த்துக் கட்ட என்னால் முடியாது. அவள் கட்டாவிட்டால் எனக்கு அடுத்த லோன் கிடையாது. இவ்வளவும் உண்மை. இருந்தும் அந்த வாசலை நினைத்தால் என் உடம்பு கூசுகிறது. ஏன்?

'சூரிட்டி வேண்டாம், நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம்' என்று சொல்லித்தான் இந்தக் கடன் எங்கள் தெருவுக்கு வந்தது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கிக்கு 2006-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஏழைப் பெண்ணை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்னது அது. நல்ல வார்த்தைதான், நானும் நம்பினேன். ஆனால் அடகு இல்லாமல் கடன் கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா? எங்களிடமும் அடகு வாங்கினார்கள். ரசீதில் அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அடகு வைத்தது எங்கள் மானத்தை. காலனியில் சுவருக்குச் சுவர் ஒட்டின வீடு. ஒருத்தி வாசலில் நாலு பேர் உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். வசூல் நடப்பது அந்தப் பார்வையை வைத்துத்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். சேரிக்காரனுக்கு மானம் ஏது, ரோஷம் ஏது என்று காலங்காலமாகச் சொல்லிவந்த சமூகம் இது. தோளில் துண்டு போடவும் காலில் செருப்பு போடவும் விடாத சமூகம். அது இன்றைக்கு எங்கள் மானத்தின் மதிப்பை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறது. அதை நம்பி 35,000 ரூபாய் கொடுக்கிறது.

என் தாத்தா சிதம்பரம் பக்கத்தில் படியாளாக இருந்தவர். கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லும் பணமும் எவ்வளவு என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. கணக்கு ஆண்டை வீட்டில் இருந்தது, உடம்பு வயலில் இருந்தது. அந்த ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் நந்தன் கதை தெரியும். சேக்கிழார் சொன்ன கதையில் ஆண்டை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனையில்தான், 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று ஒரு ஆண்டை சொல்கிறார். அதைப் பக்திக் கதை என்று கேட்டுவிட்டுப் போகலாம். என் தாத்தாவுக்கு அது கடன் கதை. கட்ட முடியாத கணக்கை முன்னால் வைத்து ஒரு மனுஷனை நகரவிடாமல் நிறுத்துவதுதான் அதில் நடக்கிறது. கதையில் அந்த வேலையைச் சாமி முடித்துக்கொடுத்தது. என் தாத்தாவுக்கு யாரும் முடித்துக்கொடுக்கவில்லை.

1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆளை விடுவித்ததோடு அது நிற்கவில்லை. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பே அற்றுப்போகிறது என்று சொன்னது. இதை நம் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வாங்கியவன் கொடுக்கத்தான் வேண்டும் என்பது எப்போதும் செல்லுகிற அறம் இல்லை, மனுஷனையே தின்கிற கடன் கடனே ஆகாது என்று நாடாளுமன்றம் ஒத்துக்கொண்ட இடம் அது.

அப்படியானால் குழு லோனையும் கட்ட வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. "வாங்கினது வாங்கினதுதான்டி, சோத்துல உப்பு போட்டுத் திங்கிறோம்ல" என்று என் அம்மா சொல்வாள். அந்த வார்த்தையை நான் மதிக்கிறேன். யாரிடமும் கடன்படாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் அந்த உப்பு எல்லோர் சோற்றிலும் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா? 2014-15 முதல் 2023-24 வரை பத்து ஆண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து தள்ளிவைத்த வாராக் கடன் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. தள்ளிவைத்தது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்கிறார்கள். தொடரட்டும். வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடுகூட வங்கிகள் சமரசம் பேசலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வழி சொன்னது. அவர்கள் பங்களா வாசலில் பக்கத்து பங்களாக்காரர்கள் எட்டுப் பேர் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குக் கடன் என்பது வெறும் கணக்கு. எங்களுக்கு அது நடத்தைச் சான்றிதழ்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் இருக்கிறது. காசு இல்லாதவனிடம் நேர்மையும் இருக்காது என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சொல் ரொம்ப வசதி. இப்போது நாணயத்துக்கு 300-இலிருந்து 900 வரை மார்க் போடுகிறார்கள். 2023-இல் மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். "உங்க பேர்ல வாராக் கடன் இருக்கும்மா" என்றார்கள். என் லோனை 2021-லேயே கட்டி முடித்துவிட்டேன். கடன் கொடுத்தவர்கள் அதைப் பதிவு செய்யவில்லை.

இதைச் சரிசெய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அறிக்கையை வாங்கி, ரசீதுகளையும் பாக்கி இல்லை என்ற சான்றையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்தேன். முப்பது நாளில் தீர்க்க வேண்டியதை மூன்று மாதம் இழுத்தார்கள். இப்போது, 2024 ஏப்ரல் 26 முதல், முப்பது நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம். இன்னொன்று: "பாதி கட்டுங்கக்கா, முடிச்சிடலாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். அறிக்கையில் அது 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அந்தச் சொல் வருஷக்கணக்கில் பின்னாலேயே வரும். கையெழுத்துப் போடும் முன்பு எழுத்தில் கேளுங்கள்.

கடன் கொடுக்கிறவனுக்கும் கடமை உண்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு வீட்டின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 12,000 சம்பாதிக்கிற வீட்டுக்கு 6,000-க்கு மேல் தவணை வருகிற மாதிரிக் கடன் கொடுத்தால், அது கொடுத்தவன் தப்பு. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. உறவுக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொல்லைப்படுத்தக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. சட்டம் வேண்டும். ஆனால் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலிக் குடும்பம் குழந்தைகளோடு எரிந்தது. அந்த வாசலுக்கு அவர்கள் மனுவோடு பலமுறை வந்துபோனவர்கள்.

அதனால் சட்டத்தைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்றைக்குச் சின்னம்மா வாசலில் உட்கார்ந்தது கம்பெனிக்காரன் இல்லை. வசூல் பையன்கூட நம்ம பையன்தான், பண்ருட்டிப் பக்கத்துச் சேரி. டிகிரி படித்தவன், அவனுக்கு மாசாமாசம் டார்கெட். எங்கள் வாசலுக்கு எங்களையே ஏவல் ஆளாக்கியதுதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். ஜாமீன் போட்டவள் அவளுக்காக நிற்க வேண்டியவள். நான் அவளுக்கு எதிராக நின்றேன்.

அடுத்த வாரம் சின்னம்மா பாக்கியைக் கட்டினாள். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக் கட்டினாள். புருஷனும் பையனுமாகக் குடும்பத்தோடு போனாள். பையன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். முன்பணம் கழிகிற வரைக்கும் அங்கிருந்து அவர்கள் கிளம்ப முடியவில்லை. தாத்தாவை எது கட்டிப்போட்டதோ அதனிடமே அவளை அனுப்பிவைத்தேன். 2,550 ரூபாய்க்காக.

2022-இல் திரும்பி வந்தாள். போய்ச் சொன்னேன். "விடுடி, உனக்கும் டியூ இருந்திச்சில்ல" என்றாள். அவள் விட்டுவிட்டாள். நான் விடக் கூடாது என்று நினைக்கிறேன். பையன் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். லோனைக் கட்டுகிறோம். ஒருத்தியால் முடியாமல் போனால் அவள் வாசலுக்குப் போவதில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் கம்பெனி ஆபீசுக்குப் போகிறோம். இவ்வளவுதான் வருமானம், இவ்வளவுதான் கட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறோம். அதனால் எங்களில் இரண்டு பேருக்கு அடுத்த லோன் கிடைக்கவில்லை. அதில் ஒருத்தி நான்.